சுல்தானைத் தேடிச் சென்ற ஏழைத் துறவி

1219-ம் ஆண்டு. எகிப்து நாட்டில் கடும் யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

நைல் நதி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் டமியட்டா என்ற நகரம் இருக்கிறது. அந்தக் கோட்டை நகரத்தை ஐரோப்பாவிலிருந்து வந்த கிறிஸ்தவப் படைகள் முற்றுகை இட்டிருந்தன. கோட்டைக்குள் இருந்த மக்கள் பசியாலும் நோயாலும் மடிந்துகொண்டிருந்தார்கள். அவர்களை மீட்பதற்காக, சில மைல் தூரத்தில் எகிப்து சுல்தான் பெரும் படையுடன் பாசறை அமைத்திருந்தார்.

இரண்டு பாசறைகளுக்கும் நடுவே வெட்டவெளி. அங்கே கால் வைத்தவன் உயிரோடு திரும்புவது அரிது.

ஒரு நாள் அந்த வெளியில் இரண்டு பேர் நடந்து போனார்கள். இருவரும் வெறுங்கால். உடம்பில் முரட்டு அங்கி. இடுப்பில் கயிறு. கையில் கத்தி இல்லை. கம்பு கூட இல்லை. கிறிஸ்தவர்களின் பாசறையிலிருந்து புறப்பட்டு, சுல்தானின் பாசறையை நோக்கி அவர்கள் போனார்கள்.

முன்னால் நடந்தவர் குள்ளமானவர், மெலிந்தவர். நாற்பதை நெருங்கும் வயது. அவர் பெயர் பிரான்சிஸ். இத்தாலி நாட்டில் உள்ள அசிசி நகரைச் சேர்ந்தவர். அவருடன் போனவர் இல்லுமினாதோ என்ற துறவி.

கடவுளுக்காகவே போர் செய்வதாக இரண்டு படைகளும் நம்பிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நேரத்தில், கடவுளின் குரல் வாளின் ஓசையில் கேட்காது என்று நம்பி ஒரு மனிதர் நடந்து போனார். அந்த நம்பிக்கை அவருக்கு எங்கிருந்து வந்தது?

துணி வியாபாரி மகன்

அசிசி, மலைச்சரிவில் கட்டப்பட்ட ஒரு சிறு நகரம். அங்கே பெர்னார்தோனே குடும்பத்தில் பியத்ரோ என்ற பெரிய துணி வியாபாரி இருந்தார். அவருடைய மகனாக 1181 அல்லது 1182-ல் பிரான்சிஸ் பிறந்தார்.

குழந்தை பிறந்தபோது தகப்பனார் ஊரில் இல்லை. வியாபாரத்துக்காகப் பிரான்ஸ் நாட்டுக்குப் போயிருந்தார். தாயார் குழந்தைக்கு ஜியோவன்னி என்று பெயர் வைத்தார். ஊர் திரும்பிய தகப்பனார் அந்தப் பெயரை மாற்றி, பிரான்சிஸ் என்று அழைத்தார். அதுவே நிலைத்துவிட்டது.

செல்வச் செழிப்பில் பிள்ளை வளர்ந்தார். கடையில் தகப்பனாருக்கு உதவியாக இருப்பார். சாயங்காலம் ஆனால் நண்பர்களுடன் விருந்து, பாட்டு, கூத்து. பணத்தைத் தண்ணீராகச் செலவழிப்பார். எப்படியாவது போர்க்களத்தில் பெயர் வாங்கி, பிரபுக்களைப் போலக் குதிரை வீரனாக வேண்டும் என்பது அவருடைய ஆசை.

1202-ல் அசிசிக்கும் பக்கத்து நகரமான பெரூஜாவுக்கும் சண்டை மூண்டது. பிரான்சிஸ் குதிரை ஏறிப் போனார். அசிசிப் படை தோற்றது. பிரான்சிஸ் சிறைப்பட்டார். சுமார் ஓராண்டு சிறையில் கிடந்தார். நோயாளியாக வீடு திரும்பினார்.

ஆனாலும் ஆசை விடவில்லை. உடம்பு தேறியதும் விலையுயர்ந்த கவசம் அணிந்து, தெற்கு இத்தாலியில் நடந்த போருக்குக் கிளம்பினார். ஸ்போலேத்தோ என்ற ஊரில் இரவு தங்கினார். அரைத்தூக்கத்தில் ஒரு குரல் கேட்டதாகச் சொல்கிறார்கள். எஜமானுக்கு ஊழியம் செய்வது மேலா, வேலைக்காரனுக்கு ஊழியம் செய்வது மேலா என்று அந்தக் குரல் வினவியது. எஜமானே மேல் என்றார் பிரான்சிஸ். அப்படியானால் எஜமானை விட்டு வேலைக்காரன் பின்னால் போவானேன் என்று கேட்டது குரல்.

மறுநாள் காலை அவர் குதிரையை ஊர்ப்பக்கம் திருப்பினார். போருக்குப் போனவர் போர் செய்யாமல் திரும்பி வந்தால் ஊர் சும்மா இருக்குமா? கேலி செய்தது. பிரான்சிஸ் பொறுத்துக்கொண்டார்.

குதிரையை விட்டு இறங்கினார்

பிரான்சிஸுக்குத் தொழுநோயாளிகளைக் கண்டால் அருவருப்பு. தூரத்தில் கண்டாலே மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போவார். அந்தக் காலத்தில் அவர்கள் ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தார்கள்.

ஒரு நாள் அவர் குதிரையில் போகும்போது எதிரே ஒரு தொழுநோயாளி வந்தார். குதிரையைத் திருப்பிக்கொண்டு ஓடிவிடலாம். பிரான்சிஸ் ஓடவில்லை. இறங்கினார். அந்த மனிதரின் கையில் காசு வைத்தார். பிறகு அந்தக் கையை முத்தமிட்டார்.

இது அவர் வாழ்க்கையின் பெரிய திருப்பம். பல வருஷங்களுக்குப் பிறகு, சாகும் தறுவாயில் அவர் தம் மரண சாசனத்தைச் சொல்லி எழுதச் செய்தார். அதில் முதலில் வருவது குதிரையும் கவசமும் அல்ல; போப் ஆண்டவரின் தரிசனமும் அல்ல. தொழுநோயாளிகள்தான் வருகிறார்கள். அவர்களிடம் தம்மை அழைத்துப் போனவர் கடவுளே என்றும், கசப்பாக இருந்தது அங்கே இனிப்பாக மாறியது என்றும் அவர் தெரிவிக்கிறார்.

கடவுள் எப்படிப் பேசுவார் என்பதற்கு அவர் கண்ட முதல் விடை இது. எதை வெறுக்கிறோமோ, அதன் பக்கம் போகச் சொல்லும் குரல் அது.

இடிந்த கோயில்

அசிசிக்கு வெளியே சான் தமியானோ என்ற பாழடைந்த தேவாலயம் இருந்தது. அங்கே மரப்பலகையில் எழுதிய சிலுவைநாதர் படம் ஒன்று இருந்தது. அதன் முன் பிரான்சிஸ் ஜெபம் செய்துகொண்டிருந்தார். இடிந்துபோகும் தம் வீட்டைச் செப்பனிடும்படி சிலுவையிலிருந்து குரல் எழுந்ததாகப் பழைய வரலாறுகள் சொல்கின்றன.

வீடு என்றதும் அந்தக் கட்டடத்தைத்தான் என்று பிரான்சிஸ் எடுத்துக்கொண்டார். கடையிலிருந்த துணியைக் குதிரை மேல் ஏற்றி, போலிஞ்ஞோ சந்தைக்குக் கொண்டுபோனார். துணியையும் விற்றார்; குதிரையையும் விற்றார். பணத்தைக் கோயில் குருவிடம் நீட்டினார். குருவோ தகப்பனாருக்குப் பயந்து வாங்க மறுத்தார். பிரான்சிஸ் பணத்தை ஜன்னல் மாடத்தில் எறிந்துவிட்டார்.

அவர் செய்தது சரியா? துணி தகப்பனாருடையது. கடவுளின் குரல் கேட்டவரும் அதைத் தப்பாகப் புரிந்துகொள்ளலாம் என்பதை இந்தச் சம்பவம் காட்டுகிறது. 

தகப்பனார் கொதித்தெழுந்தார். மகனைப் பிடித்து வீட்டில் இருட்டறையில் பூட்டினார். அவர் வெளியூர் போன சமயம் பார்த்து, தாயார் மகனை விடுவித்தார். பெற்ற மனம் அல்லவா!

வழக்கு பிஷப்பின் முன் வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி பிஷப் சொன்னார். பிரான்சிஸ் பணத்தை வைத்தார். அத்தோடு நிற்கவில்லை. உடுத்தியிருந்த துணிகளையும் களைந்து பணத்தின் மேல் வைத்தார். இனித் தமக்குத் தந்தை பரலோகத்தில் இருப்பவர் ஒருவரே என்றார். பிஷப் தம்முடைய மேலங்கியால் அவரை மூடினார். இது 1206-ல் நடந்தது.

வென்றவர் யார்? இருவருமே இழந்தார்கள். அதற்குப் பிறகு தகப்பனார் மகனைத் தெருவில் கண்டால் சபிப்பார். அது பிரான்சிஸின் நெஞ்சைப் பிளந்தது. அவர் ஓர் ஏழைக் கிழவரைத் தந்தையாக ஏற்றுக்கொண்டார். தமக்குக் கிடைக்கும் பிச்சையில் அவருக்குப் பங்கு கொடுத்தார். பெற்ற தகப்பனார் சபிக்கும்போதெல்லாம் இந்தக் கிழவர் சிலுவை அடையாளம் போட்டு ஆசீர்வதிப்பார். பதிலுக்குத் திட்டி ஒரு வார்த்தை பிரான்சிஸ் வாயிலிருந்து வரவில்லை.

சொத்து இருந்தால் ஆயுதம் வேண்டும்

பிரான்சிஸ் தம் கையாலேயே கல் சுமந்து கோயில்களைச் செப்பனிட்டார். பழைய நண்பர்கள் சிலர் அவரைத் தேடி வந்தார்கள். முதலில் வந்தவர்களில் ஒருவர் பெர்னார்து என்ற பணக்காரர். தம் சொத்தை ஏழைகளுக்குப் பங்கிட்டுவிட்டு வந்தார். 1209-ல் பன்னிரண்டு பேராக ரோமாபுரிக்கு நடந்துபோய், போப் மூன்றாம் இன்னொசென்டின் அனுமதி பெற்றார்கள். 1212-ல் அசிசியின் பிரபு குடும்பத்துப் பெண் கிளாரா வீட்டைத் துறந்து வந்தார். அவரால் பெண்களுக்கும் ஒரு சபை உண்டாயிற்று. சில வருஷங்களில் சகோதரர்களின் தொகை ஆயிரக்கணக்காகப் பெருகிவிட்டது.

இவர்களுக்குச் சொந்த வீடு கிடையாது. காசைத் தொடக் கூடாது. உழைத்துச் சாப்பிட வேண்டும். கூலி கிடைக்காவிட்டால் பிச்சை எடுக்கலாம்.

ஒன்றுமே வைத்துக்கொள்ளாமல் எப்படி வாழ்வது என்று அசிசி பிஷப் ஒரு தடவை கவலைப்பட்டார். சொத்து வைத்துக்கொண்டால் அதைக் காப்பாற்ற ஆயுதமும் வேண்டியிருக்கும் என்று பிரான்சிஸ் விடை சொன்னார். சொத்திலிருந்து வழக்கும் சண்டையும் வருகின்றன, அவை கடவுளிடமும் அயலாரிடமும் வைக்கும் அன்பைத் தடுக்கின்றன என்பது அவர் கருத்து. பெரூஜாச் சிறையில் கிடந்தவருக்கு அது அனுபவப் பாடம்.

யாரைக் கண்டாலும் சமாதானம் உண்டாகட்டும் என்று வாழ்த்தும்படி சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். குடும்பத்தோடு இருந்துகொண்டே அவர் வழியில் நடந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு 1221-ல் ஒரு சட்டம் ஏற்பட்டது. அதன்படி அவர்கள் கொலைக் கருவிகளை ஏந்தக் கூடாது.

திருடர்களுக்கு ரொட்டி

பிரான்சிஸின் சீடர்கள் வழிவழியாகச் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு.

மலைக்காட்டில் சகோதரர்கள் தங்கியிருந்த ஓர் இடத்துக்குத் திருடர்கள் வந்து சாப்பாடு கேட்பார்கள். வழிப்பறி செய்பவர்களுக்குச் சோறு போடலாமா, கூடாதா என்று சகோதரர்களுக்குள் விவாதம் வந்தது. பிரான்சிஸ் வந்ததும் அவரிடம் கேட்டார்கள்.

நல்ல ரொட்டியும் திராட்சை ரசமும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போகும்படி அவர் சொன்னார். திருடர்களைச் சகோதரர்களே என்று கூப்பிட வேண்டும். தரையில் துணி விரித்து, பணிவோடு பரிமாற வேண்டும். சாப்பிட்டு முடித்த பிறகுதான் புத்தி சொல்லலாம். அதுவும் முதல் நாளே எல்லாவற்றையும் கேட்கக் கூடாது. யாரையும் அடிக்க மாட்டோம் என்ற ஒரே வாக்குறுதி போதும். மற்றது அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியே செய்தார்கள். திருடர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறினார்கள். சகோதரர்களுக்கு விறகு சுமந்து கொடுத்தார்கள். சிலர் சபையிலேயே சேர்ந்துவிட்டார்கள் என்று அந்த வரலாறு முடிகிறது.

சகோதரர்களின் குற்றத்தைக் குறித்து ஒரு பொறுப்பாளருக்குப் பிரான்சிஸ் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. எவ்வளவு பெரிய பாவம் செய்தவனும், பொறுப்பாளரின் கண்களைப் பார்த்த பிறகு மன்னிப்புக் கிடைக்காமல் திரும்பக் கூடாது என்பது அந்தக் கடிதத்தின் சாரம். அவன் மன்னிப்புக் கேட்காவிட்டால், வேண்டுமா என்று பொறுப்பாளரே கேட்க வேண்டுமாம்!

இரண்டு தரம் தடை

கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் நடந்த போர்களுக்குச் சிலுவைப் போர்கள் என்று பெயர். இயேசுநாதர் வாழ்ந்த புண்ணிய பூமியான ஜெருசலேம் யாருக்குச் சொந்தம் என்பதே சண்டை. 1099-ல் கிறிஸ்தவர்கள் அதைப் பிடித்தார்கள். நகரில் இரத்த ஆறு ஓடியது. 1187-ல் சுல்தான் சலாவுதீன் அதை மீட்டார். அப்போது பிரான்சிஸ் சிறு பிள்ளை.

வளர்ந்த பிறகு அவர் கிழக்கே போக இரண்டு முறை முயன்றார். 1212-ல் கப்பல் ஏறினார். காற்று அவரை வேறு கரையில் தள்ளியது. பிறகு மொராக்கோவுக்குப் புறப்பட்டார். ஸ்பெயினில் நோய் வந்து திரும்பினார்.

மூன்றாம் முறை 1219-ல் எகிப்தை அடைந்தார். அங்கே ஐந்தாம் சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்தது.

ஆகஸ்டு 29-ந் தேதி கிறிஸ்தவப் படை சுல்தானின் பாசறையைத் தாக்க ஆயத்தமாயிற்று. அன்று போர் செய்தால் தோல்வி வரும் என்று பிரான்சிஸுக்கு உள்ளத்தில் பட்டது. வெளியே சொன்னால் பைத்தியக்காரன் என்பார்கள். சொல்லாவிட்டால் மனசாட்சி விடாது. சொன்னார். சிரித்தார்கள். படை போயிற்று, தோற்றது. மாலைக்குள் ஆயிரக்கணக்கான வீரர்கள் மாண்டார்கள்.

அதன்பின் சில நாள் சமாதானப் பேச்சு நடந்தது. அப்போதுதான் பிரான்சிஸ் சுல்தானிடம் போக முடிவு செய்தார். படையோடு வந்திருந்த போப்பின் பிரதிநிதி இதை விரும்பவில்லை. போனால் திரும்ப மாட்டார் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

சுல்தானின் கூடாரம்

எல்லையில் காவல் வீரர்கள் இருவரையும் பிடித்தார்கள். அடித்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. பிரான்சிஸ் சுல்தானின் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் சுல்தான் முன் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

சுல்தானின் பெயர் அல் காமில். சலாவுதீனின் தம்பி மகன். ஏறத்தாழப் பிரான்சிஸின் வயதுதான் அவருக்கும். தந்தை இறந்து, 1218-ல்தான் பட்டத்துக்கு வந்திருந்தார். அறிஞர்களோடு பேசுவதில் பிரியம் உள்ளவர்.

பிரான்சிஸ் எதற்காகப் போனார்? அவர் தம் மதத்தை மறைக்கவில்லை. சுல்தான் கிறிஸ்துவை ஏற்க வேண்டும் என்று மனதார விரும்பினார். அதற்காக உயிரைக் கொடுக்கவும் துணிந்து போனார். ஆனால் சுல்தானின் மதத்தை இழித்துப் பேசப் போகவில்லை. பேசவுமில்லை.

இந்தத் துறவிகளின் தலையை வாங்க வேண்டும் என்று அரசவை அறிஞர்கள் ஆலோசனை சொன்னதாக அக்காலத்து ஏடு ஒன்று கூறுகிறது. சுல்தான் மறுத்துவிட்டார். தம் ஆன்மா நலம் பெற வேண்டும் என்பதற்காக உயிரைப் பணயம் வைத்து வந்தவரைக் கொல்வது நன்றிகெட்ட செயல் என்று அவர் எண்ணினார்.

பிரான்சிஸ் சில நாட்கள் அங்கே தங்கினார். சுல்தான் அவர் பேச்சைக் கவனமாகக் கேட்டார். பொன்னும் பொருளும் கொடுத்தார். பிரான்சிஸ் தொடவில்லை. கொள்ளைக்காகவும் நாட்டுக்காகவும் வந்த எத்தனையோ பேரைச் சுல்தான் பார்த்திருந்தார். ஒன்றும் வேண்டாம் என்று சொன்ன மனிதரை அவர் மிகவும் மதித்தார்.

விடைபெறும்போது, கடவுளுக்கு உகந்த வழியைத் தமக்குக் காட்டும்படி பிரார்த்தனை செய்யுமாறு சுல்தான் கேட்டுக்கொண்டார். இதை எழுதி வைத்தவர், படையோடு இருந்த ஆக்கர் நகர பிஷப் ழாக் என்பவர். நெருப்பில் இறங்கிச் சோதனைக்கு உட்படப் பிரான்சிஸ் தயாராக நின்றதாகப் பிற்காலத்தில் ஒரு கதை எழுந்தது. உடன் இருந்த பிஷப்பின் எழுத்தில் அது இல்லை.

சுல்தான் மதம் மாறவில்லை. பிரான்சிஸ் சாகவில்லை. சுல்தானின் வீரர்களே துணை வந்து அவரைக் கிறிஸ்தவப் பாசறையில் பத்திரமாகச் சேர்த்தார்கள்.

டமியட்டா விழுந்தது

போர் நிற்கவில்லை. டமியட்டாவை விட்டுப் போனால் ஜெருசலேமைத் தருவதாகச் சுல்தான் சொல்லி அனுப்பினார். போப்பின் பிரதிநிதி ஏற்கவில்லை. 1219 நவம்பர் 5-ந் தேதி டமியட்டா விழுந்தது. உள்ளே நுழைந்த வீரர்கள் தெருக்களிலும் வீடுகளிலும் பிணங்களைக் கண்டார்கள். முற்றுகையில் பிழைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. அங்கே நடந்த அக்கிரமங்களைக் கண்டு மனம் நொந்து பிரான்சிஸ் வெளியேறினார்.

1221-ல் அந்தப் படை கெய்ரோ நோக்கிப் போனது. நைல் நதியில் வெள்ளம் வரும் காலம். சுல்தானின் ஆட்கள் மடைகளைத் திறந்துவிட்டார்கள். படை சேற்றில் சிக்கிச் சரண் அடைந்தது. பட்டினி கிடந்த பகைவர்களுக்குச் சுல்தான் ரொட்டி அனுப்பினார். அந்தக் கருணையைக் கிறிஸ்தவப் பாதிரியார் ஒருவரே நன்றியோடு எழுதி வைத்திருக்கிறார். 1229-ல் இதே சுல்தான், ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமல், ஒப்பந்தம் செய்து ஜெருசலேமை பிரெடரிக் சக்கரவர்த்திக்குக் கொடுத்தார்.

சண்டை வேண்டாம்

1220 ஜனவரியில் மொராக்கோவில் பிரான்சிஸின் சகோதரர்கள் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் அங்கே இஸ்லாத்தைப் பகிரங்கமாகத் தாக்கிப் பிரசங்கம் செய்தவர்கள். அவர்கள் புகழ் இத்தாலியில் பரவியது. அந்த வரலாற்றைச் சபையில் படிக்கப் பிரான்சிஸ் விடவில்லை. பிறர் பட்ட பாட்டைச் சொல்லி நாம் பெருமை அடிக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்.

1221-ல் அவர் எழுதிய சபைச் சட்டத்தில், முஸ்லிம்களிடையே போகிறவர்களுக்கு ஒரு தனி அதிகாரம் உண்டு. அங்கே வாழ இரண்டு வழிகள் சொல்கிறார். முதல் வழி, விவாதமும் சண்டையும் செய்யாமல் கடவுளுக்காக எல்லாருக்கும் பணிந்து நடப்பது. கேட்டால் கிறிஸ்தவர் என்று ஒப்புக்கொள்வது. இரண்டாம் வழி, கடவுளுக்கு விருப்பம் என்று தெரியும்போது மட்டும் பிரசங்கம் செய்வது. படைகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்ட சட்டம் இது!

இன்னொன்றும் நடந்தது. நாடாள்பவர்களுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். ஒவ்வொரு மாலையும் அறிவிப்பாளன் மூலமோ வேறு அடையாளத்தாலோ ஜனங்களை அழைத்துக் கடவுளைத் துதிக்கச் செய்யும்படி வேண்டிக்கொண்டார். எகிப்தில் அவர் தினமும் கேட்ட தொழுகை அழைப்பின் எதிரொலி அது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

கடைசிச் சமாதானம்

எகிப்திலிருந்து பிரான்சிஸ் கண்நோயோடு வந்தார். வெளிச்சம் பட்டால் கண்ணீர் கொட்டும். பார்வை மங்கிக்கொண்டே போயிற்று. 1224-ல் லா வெர்னா மலையில் தவம் இருந்தபோது, இயேசுநாதரின் ஐந்து காயங்கள் அவர் உடம்பில் தோன்றியதாக வரலாறு கூறுகிறது. வைத்தியர்கள் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கன்னத்திலிருந்து புருவம் வரை சூடு போட்டார்கள். அதைப் பார்க்கச் சகியாமல் சகோதரர்கள் ஓடிவிட்டார்கள். பிரான்சிஸ் நெருப்பைத் தம்பியே என்று அழைத்து, மெல்லச் சுடும்படி வேண்டிக்கொண்டாராம்.

1225-ல் சான் தமியானோவில் ஒரு பாய்க் குடிசையில் படுத்திருந்தார். இரவில் எலித் தொல்லை, பகலில் கண்வலி. அந்த நிலையில்தான் சூரியன், சந்திரன், காற்று, தண்ணீர் எல்லாவற்றையும் உடன்பிறந்தவர்களாக்கிக் கடவுளைப் புகழும் பாட்டைப் பாடினார். இத்தாலிய மொழிக் கவிதையின் தொடக்கங்களில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது.

அந்தச் சமயம் அசிசி பிஷப்புக்கும் நகரத் தலைவருக்கும் பகை மூண்டிருந்தது. பிஷப் நகரத் தலைவரைச் சபையிலிருந்து விலக்கினார். பிஷப்போடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது என்று நகரத் தலைவர் தண்டோரா போட்டார். ஊரே இரண்டுபட்டது. சமாதானம் செய்ய ஒருவரும் முன்வரவில்லை.

பிரான்சிஸால் எழுந்து நடக்க முடியாது. அவர் தம் பாட்டில் ஓர் அடியைச் சேர்த்தார். அன்புக்காக மன்னிப்பவர்களைப் பற்றிய அடி அது. இரண்டு பேரையும் பிஷப் வீட்டு முற்றத்துக்கு வரவழைத்தார். அவர்கள் முன் அதைப் பாடும்படி இரண்டு சகோதரர்களை அனுப்பினார்.

பாட்டு தொடங்கியதும் நகரத் தலைவர் எழுந்து நின்றார். கைகளைக் குவித்தார். கண்களில் நீர் வழிந்தது. பாட்டு முடிந்ததும் பிஷப்பின் காலில் விழுந்தார். பிஷப் அவரைத் தூக்கி நிறுத்தினார். தமக்கு முன்கோபம் அதிகம் என்று சொல்லித் தாமும் மன்னிப்புக் கேட்டார். இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள்.

பல வருஷங்களுக்கு முன் துணியைக் களைந்து பிரான்சிஸ் நின்றதும் அசிசி பிஷப்பின் முன்தான். அன்று தகப்பனும் மகனும் பிரிந்தார்கள். இப்போது பகைவர்கள் இருவர் சேர்ந்தார்கள்.

வெறுந்தரையில்

1226 அக்டோபர் 3-ந் தேதி மாலை. தம் உடம்பை வெறுந்தரையில் கிடத்தும்படி பிரான்சிஸ் கேட்டுக்கொண்டார். வரும்போது ஒன்றும் கொண்டுவரவில்லை. போகும்போதும் ஒன்றும் வேண்டாம் என்பது அவர் எண்ணம். அன்று சூரியன் சாய்ந்த பிறகு அவர் உயிர் பிரிந்தது. வயது நாற்பத்தைந்துக்குள்தான்.

இரண்டே வருஷத்தில், 1228-ல், போப் ஒன்பதாம் கிரகோரி அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அக்டோபர் 4 அவருடைய திருநாள். 1986-ல் உலகத்தின் பல மதத் தலைவர்கள் சமாதானத்துக்காகப் பிரார்த்தனை செய்யக் கூடியபோது, அவர்கள் கூடிய இடம் அசிசி. பிரான்சிஸ் சுல்தானைச் சந்தித்து 800 வருஷம் ஆன 2019-ல், அவர் பெயரையே தாங்கியிருந்த போப் பிரான்சிஸும், கெய்ரோ அல் அஸ்ஹர் மசூதியின் தலைமை இமாமும் அபுதாபியில் மனித சகோதரத்துவத்துக்கான பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள்.

அசிசி தேவாலயத்தில் பழைய ஊதுகொம்பு ஒன்று பாதுகாக்கப்படுகிறது. பொன்னை மறுத்த பிரான்சிஸ் சுல்தானிடமிருந்து பெற்றுக்கொண்ட பரிசு அது என்று பரம்பரையாகச் சொல்கிறார்கள். கொம்பு ஊதினால் படைகள் கிளம்பிய காலம் அது. பிரான்சிஸோ அன்பைப் பற்றிப் பேச ஜனங்களைக் கூப்பிடுவதற்காக அந்தக் கொம்பை ஊதினாராம்.